சிங்கம் கடைசியாக ஜெயித்த நாள்

மொத்தம் 22 ஆட்டங்கள். அதில் 21 தோல்வி. ஒரே ஒரு வெற்றி!

இப்படி ஒரு ரேங்க் கார்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். புள்ளிப் பட்டியலில் கடைசி இடம். கையில் காசு இல்லை. சொந்த மைதானமும் இல்லை. ஆனால் அந்த ஒரே ஒரு வெற்றியை, ஏறக்குறைய 30 வருஷம் ஆன பிறகும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் பல தாத்தா பாட்டிகள் பேரப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறார்கள். ஏனென்றால் அதற்குப் பிறகு அந்த அணி, அந்த லீக்கில் ஜெயிக்கவே இல்லை. சில மாதங்களில் அந்த அணியே லீக்கில் இல்லாமல் போய்விட்டது.

அந்த அணியின் பெயர் ஃபிட்ஸ்ராய். அதன் சின்னம் சிங்கம்.

முட்டைப் பந்து

கதைக்குப் போவதற்கு முன்னால் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமா?

மெல்போர்ன் மைதானத்தை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிரிக்கெட் டெஸ்ட் தொடங்குமே, அதே மைதானம்தான். ஆனால் மெல்போர்ன்காரர்களைக் கேட்டால், 'கிரிக்கெட் சரி, ஃபூட்டி பார்த்தாயா?' என்பார்கள். ஃபூட்டி என்பது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்துக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர்.

இந்த விளையாட்டு பிறந்ததற்கே கிரிக்கெட்தான் காரணம். நமக்குக் கோடை வரும்போது அங்கே குளிர்காலம் வரும். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் சும்மா உட்கார்ந்தால் உடம்பு கனத்துவிடும், அதற்கு ஏதாவது விளையாட்டு வேண்டும் என்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858-இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷமே, 1859-இல், மெல்போர்னில் சிலர் கூடி உட்கார்ந்து விதிகளை எழுதிவிட்டார்கள். நமக்குத் தெரிந்த கால்பந்துக்கு இங்கிலாந்தில் பொது விதிகள் எழுதியது 1863-இல்தான். அதைவிட இது நான்கு வருஷம் மூத்தது!

கிரிக்கெட் மைதானத்தில் விளையாடுவதால் ஆடுகளம் நீள்வட்டமாக இருக்கும். பந்தும் உருண்டையாக இருக்காது, முட்டை வடிவம். ஒரு அணிக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி நண்பனுக்கு அனுப்பலாம். தூக்கி எறிய மட்டும் கூடாது. பெரும்பாலோர் கையில்லாத பனியன் போட்டிருப்பார்கள், குளிரானாலும் சரி, மழையானாலும் சரி.

இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் 'கோல்', 6 புள்ளிகள். பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. நூலிழையில் தவறவிட்டதற்கும் ஒரு புள்ளி கொடுக்கும் விளையாட்டு! நம் கணக்கு டீச்சர் விடை தப்பானாலும் 'ஸ்டெப்'புக்கு மார்க் போடுவதுபோல.

ஸ்கோரை எழுதும் விதமும் தனி. முதலில் கோல், பிறகு பிஹைண்ட். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1979-இல் ஃபிட்ஸ்ராய் அணி, மெல்போர்ன் என்ற அணியோடு மோதியது. ஃபிட்ஸ்ராய் 36 கோல், 22 பிஹைண்ட். மெல்போர்ன் 6 கோல், 12 பிஹைண்ட். வித்தியாசம் எவ்வளவு?

பேப்பரை எடுத்துவிட்டீர்களா? 238-க்கு 48. அதாவது 190 புள்ளி வித்தியாசம். அந்த லீக்கின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றி அதுதான். இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. கடைசி இடத்துக்குப் போய்த் தொலைந்த அணியின் பெயரில்தான் அந்தச் சாதனை இருக்கிறது.

கடைசியும் அவர்களே, முதலும் அவர்களே

ஃபிட்ஸ்ராய் என்பது மெல்போர்ன் நகரத்தின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு பேட்டை. குறுகலான தெருக்கள், நெருக்கமான வீடுகள், தொழிற்சாலைகள். உழைப்பாளிகள் குடியிருந்த இடம். 1883-இல் அங்கே ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பிரன்ஸ்விக் தெருவில் உள்ள மைதானம்தான் அவர்களுடைய வீடு. 1897-இல் எட்டு கிளப்கள் சேர்ந்து ஒரு புது லீக்கைத் தொடங்கியபோது, அந்த எட்டில் ஃபிட்ஸ்ராயும் ஒன்று. அந்த லீக்தான் இன்று ஏ.எஃப்.எல். என்ற பெயரில் ஆஸ்திரேலியா முழுவதும் நடக்கிறது.

ஆரம்பத்தில் ஃபிட்ஸ்ராய் பெரிய பயில்வான். 1898, 1899, 1904, 1905, 1913, 1916, 1922, 1944 என்று எட்டு முறை சாம்பியன்.

இதில் 1916 ஒரு வேடிக்கையான வருஷம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் போருக்குப் போயிருக்கும்போது விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பல கிளப்கள் ஒதுங்கிக்கொண்டன. மிஞ்சியவை நான்கே நான்கு. லீக் ஆட்டங்களில் ஃபிட்ஸ்ராய் இரண்டே ஆட்டங்களில் ஜெயித்து, ஒன்றில் சமன் செய்து, கடைசி இடம் பிடித்தது. ஆனால் விதிப்படி முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். இருப்பதே நான்கு அணிகள்தானே! அதனால் கடைசி அணியும் உள்ளே போனது. போனது மட்டுமா, அடுத்தடுத்து ஜெயித்து கோப்பையையும் தூக்கிவிட்டது. ஒரே வருஷத்தில் கடைசி இடத்தையும் சாம்பியன் பட்டத்தையும் பிடித்த அணி, அந்த லீக்கில் இது ஒன்றுதான்.

1930-களில் உலகமே பணத்துக்குத் திண்டாடிய காலத்தில், ஃபிட்ஸ்ராய் மக்களுக்கு ஒரு பெரிய சந்தோஷம் ஹெய்டன் பன்டன். லீக்கின் சிறந்த வீரருக்கு நடுவர்கள் வாக்களித்துக் கொடுக்கும் பிரவுன்லோ பதக்கத்தை, விளையாட வந்த முதல் வருஷமே (1931) வாங்கினார். அடுத்த வருஷமும் அவரே. 1935-இல் மூன்றாவது முறை. பின்னால் வந்த கெவின் மர்ரே ஃபிட்ஸ்ராய்க்காக 333 ஆட்டங்கள் ஆடினார். 1969-இல் அவருக்கும் அந்தப் பதக்கம் கிடைத்தது.

கிளப்புக்குச் சிங்கம் என்ற பட்டப்பெயர் 1950-களில்தான் வந்தது. அதற்கு முன்னால் என்ன பெயர் தெரியுமா? கொரில்லா! நல்லவேளை, மாற்றினார்கள்.

ஒற்றை வெற்றி வருஷம்

1944-க்குப் பிறகு கோப்பை வரவே இல்லை. 1963-இல் நிலைமை ரொம்ப மோசம். ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்வி. அந்த வருஷம் முழுவதும் ஒரே ஒரு வெற்றி. அது யாரை ஜெயித்தது தெரியுமா? ஜீலாங் அணியை. அந்த வருஷம் சாம்பியன் ஆனதே ஜீலாங்தான்! வகுப்பில் கடைசி ரேங்க் பையன், ஒரே ஒரு பரீட்சையில் முதல் ரேங்க் பையனை முந்தியதுபோல. அதை இன்றும் 'அதிசய ஆட்டம்' என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்த வருஷம் 1964. அதில் அந்த ஒரு வெற்றிகூட இல்லை. பூஜ்யம்.

1966-ஆம் ஆண்டோடு பிரன்ஸ்விக் தெரு மைதானத்தை விட்டும் வெளியேறினார்கள். அதிலிருந்து வாடகை வீட்டு வாழ்க்கைதான். வேறு வேறு கிளப்களின் மைதானங்களில் மாறி மாறி 'சொந்த ஊர்' ஆட்டம் ஆடினார்கள். அடிக்கடி வீடு மாறியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். பள்ளிக்கூடம் மாறும், பக்கத்து வீட்டு நண்பன் மாறுவான். ஃபிட்ஸ்ராய்க்கும் அப்படித்தான். மைதானம் மாறும்போதெல்லாம் வழக்கமாக வருகிறவர்களில் கொஞ்சம் பேர் குறைந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. கூட்டம் குறைந்தால் டிக்கெட் பணம் குறையும். பணம் குறைந்தால் நல்ல வீரர்களை வைத்துக்கொள்ள முடியாது. நல்ல வீரர்கள் போனால் மறுபடி கூட்டம் குறையும்.

நடுவில் வெளிச்சம் வந்த வருஷங்களும் உண்டு. 1983-இல் பெர்னி குயின்லன் என்ற நெட்டைக்காலர் ஒரே சீசனில் 116 கோல் அடித்தார். 1986-இல் ஃபிட்ஸ்ராய் இறுதிச் சுற்றுக்கு வந்தது. எசென்டன் அணியோடு வாழ்வா சாவா ஆட்டம். நேரம் முடியப்போகிறது. மிக் கான்லன் என்ற வீரர் அடித்த கடைசி நேர கோலால் ஃபிட்ஸ்ராய் ஜெயித்தது, ஒரே ஒரு புள்ளியில்! அடுத்த ஆட்டத்தில் சிட்னி அணியை 5 புள்ளிகளில் ஜெயித்தது. அதற்கடுத்து ஹாத்தார்ன் அணியிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்று வெளியேறியது. இறுதிச் சுற்றில் ஃபிட்ஸ்ராய் ஜெயித்த கடைசி ஆட்டங்கள் அவை இரண்டும்தான்.

எனக்கு என்னவோ, 190 புள்ளியில் ஜெயித்ததைவிட அந்த ஒரு புள்ளி வெற்றியைத்தான் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அக்கம்பக்கத்து கிளப் பிழைத்த கதை

1980-களில் லீக் பெரிதாகத் தொடங்கியது. மெல்போர்னைத் தாண்டி சிட்னி, பெர்த், பிரிஸ்பேன் என்று வேறு ஊர்களுக்கும் பரவியது. ஒரே நகரத்தில் இத்தனை கிளப்கள் எதற்கு, சிறியவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடலாமே என்று லீக்கை நடத்தியவர்கள் நினைத்தார்கள்.

1989-இல் ஃபிட்ஸ்ராயையும் ஃபுட்ஸ்கிரே என்ற இன்னொரு ஏழை கிளப்பையும் இணைப்பதாக அறிவிப்பு வந்தது. ஃபுட்ஸ்கிரே மக்கள் கொதித்துப் போனார்கள். ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ஒரு ரசிகை நீதிமன்றத்துக்கே போனார். பீட்டர் கார்டன் என்ற இளம் வக்கீல் முன்னால் நின்றார். குறைந்த நாள்களில் கடனை அடைத்துக் காட்ட வேண்டும் என்ற நிலை. பேட்டை மக்கள் வீடு வீடாக, கடை கடையாக உண்டியல் குலுக்கி, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிவிட்டார்கள். இணைப்பு ரத்தானது. அந்த ஃபுட்ஸ்கிரேதான் இப்போது வெஸ்டர்ன் புல்டாக்ஸ். 2016-இல் சாம்பியன் பட்டமும் வாங்கியது.

ஃபிட்ஸ்ராய்? அது பழையபடி கடனோடு நின்றது.

இங்கே ஒரு குட்டித் தீவு கதைக்குள் வருகிறது. பசிபிக் பெருங்கடலில் நவுரு என்று ஒரு நாடு. பரப்பளவு சுமார் 21 சதுர கிலோமீட்டர். நாடு முழுவதையும் சைக்கிளில் ஒரு காலைப் பொழுதில் சுற்றிவிடலாம்! உரம் தயாரிக்க உதவும் பாஸ்பேட் அங்கே மண்ணில் கிடைத்ததால் ஒரு காலத்தில் பெரிய பணக்கார நாடாக இருந்தது. அந்தத் தீவின் தேசிய விளையாட்டு எது தெரியுமா? ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்துதான். அந்த நாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்று ஃபிட்ஸ்ராய்க்குக் கடன் கொடுத்தது. ஆனால் பாஸ்பேட் தீரத் தீர, நவுருவுக்கே பண நெருக்கடி. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். 12 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ஃபிட்ஸ்ராயிடம் எங்கே இருக்கிறது?

மே மாதத்தில் ஒரு நாள்

1996. லீக்கின் நூறாவது சீசன். ஊரெல்லாம் விழாக் கொண்டாட்டம். நூறு சீசனும் விடாமல் ஆடிய பழைய அணிகளில் ஃபிட்ஸ்ராயும் ஒன்று. ஆனால் முந்தைய வருஷம் அது ஜெயித்தது இரண்டே ஆட்டங்கள். பெரிய வீரர்கள் பலர் ஏற்கெனவே வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்களில் பலர் சின்னப் பையன்கள்.

முதல் ஏழு ஆட்டங்களும் தோல்வி.

எட்டாவது சுற்று, மே மாதம். எதிரணி ஃப்ரீமேன்டில். அதற்கு முந்தைய வருஷம்தான் லீக்குக்குள் வந்த புத்தம்புது அணி, ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்திலிருந்து பறந்து வந்திருந்தது. ஆட்டம் நடந்த இடம் விட்டன் ஓவல். அது யாருடைய மைதானம்? ஃபுட்ஸ்கிரேயுடையது! ஏழு வருஷத்துக்கு முன்னால் உண்டியல் குலுக்கித் தப்பித்த அந்தக் கிளப்பின் மைதானத்தில்தான் ஃபிட்ஸ்ராய் இப்போது குடியிருந்தது.

அன்றைக்குச் சிங்கம் ஜெயித்தது.

ஃபூட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பாட்டு இருக்கும். ஜெயித்தால்தான் பாட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் உடை மாற்றும் அறையில் வட்டமாக நின்று, தோளில் கை போட்டு, தொண்டை கிழியப் பாடுவார்கள். தோற்றால் அறையில் சத்தமே இருக்காது. ஃபிட்ஸ்ராய் பாட்டின் மெட்டு எது தெரியுமா? பிரான்ஸ் நாட்டுத் தேசிய கீதத்தின் மெட்டு! மெல்போர்ன் பேட்டைக்கும் பாரிஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கேட்டால் உடம்பு சிலிர்க்கும் மெட்டு, அவ்வளவுதான் காரணமாக இருக்கும்.

அந்த வருஷத்தில் அதுவரை பாடாத பாட்டு அன்றைக்கு வந்தது. வந்திருந்த ரசிகர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். 'ஆரம்பித்துவிட்டோம், இனிமேல் பார்' என்று சிலர் பேசிக்கொண்டும் போயிருப்பார்கள். குளிராக இருக்கிறதே, அடுத்த ஆட்டத்துக்குப் போய்க்கொள்ளலாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மைதானத்தில் நிற்க இடம் கிடைத்திருக்குமா?

கையெழுத்தும் கண்ணீரும்

ஜூன் மாதக் கடைசியில், கடனை வசூலிப்பதற்காக ஃபிட்ஸ்ராய் கிளப்பின் பொறுப்பு ஒரு நிர்வாகியின் கைக்குப் போனது. கிளப் இனித் தனியாக நிற்க முடியாது. யாரோடு சேர்ப்பது?

நார்த் மெல்போர்ன் அணியோடு சேரத்தான் ஃபிட்ஸ்ராய் பேசிவைத்திருந்தது. ஒரே ஊர். ரசிகர்கள் ட்ராம் ஏறிப் போய் ஆட்டம் பார்க்கலாம். ஆனால் நார்த் மெல்போர்ன் அப்போதே பலமான அணி. அதோடு இன்னும் வீரர்கள் சேர்ந்தால் யாரால் ஜெயிக்க முடியும் என்று மற்ற கிளப்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த வருஷச் சாம்பியனே நார்த் மெல்போர்ன்தான். கடைசியில் ஜூலை 4-ஆம் தேதி, பிரிஸ்பேன் பேர்ஸ் அணியோடு இணைப்பது என்று முடிவானது. மெல்போர்னிலிருந்து பிரிஸ்பேனுக்கு விமானத்திலேயே இரண்டு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை மத்தியானம் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்த தாத்தா, இனி எங்கே போவார்?

சீசன் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. முடிவு தெரிந்த பிறகும் ஃபிட்ஸ்ராய் வீரர்கள் ஒவ்வொரு வாரமும் இறங்கி ஆட வேண்டும். பயிற்சியாளர் மைக்கேல் நியூனன் விலகிவிட்டார். ஆலன் மெக்கானெல் பொறுப்பேற்றார். அடுத்த வருஷம் எந்த அணியில் இருப்போம், இருப்போமா மாட்டோமா என்றே தெரியாத பையன்களை வைத்துக்கொண்டு அவர் ஆட வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்ட பள்ளிக்கூடத்தில் தினமும் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல!

ஆகஸ்ட் 25. மெல்போர்னில் கடைசி ஆட்டம். பெரிய மைதானத்தில் ரிச்மண்ட் அணியோடு. 48 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். ரிச்மண்ட் 187, ஃபிட்ஸ்ராய் 36. படுதோல்வி. ஆனாலும் தோற்ற அணிக்காக அத்தனை பேர் அழுதது மெல்போர்னில் அடிக்கடி நடக்கிற காட்சி அல்ல.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 1. பெர்த் நகரத்தில், சுபியாகோ மைதானத்தில், கடைசிக்கும் கடைசி ஆட்டம். எதிரில் யார்? அதே ஃப்ரீமேன்டில்! மே மாதத்தில் தோற்ற அணி இப்போது 86 புள்ளிகளில் ஜெயித்தது. 113 வயதான கிளப்பின் கடைசி வெற்றியும், கடைசி ஆட்டமும், இரண்டே வயதான ஒரு குட்டி கிளப்போடுதான் நடந்திருக்கின்றன.

இந்த லீக்கிலிருந்து இதற்கு முன்னால் மறைந்துபோனது ஒரே ஒரு கிளப்தான். அதன் பெயர் யூனிவர்சிட்டி. கல்லூரிக்காரர்களின் அணி. சம்பளம் வாங்காமல் 1908 முதல் 1914 வரை ஆடினார்கள். பரீட்சைக்குப் படிப்பதா, பந்தை உதைப்பதா? கடைசி 51 ஆட்டங்களிலும் தொடர்ந்து தோல்வி! அதோடு விலகிக்கொண்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் ஃபிட்ஸ்ராய் சிங்கம்தான்.

அப்புறம்?

இணைந்த அணிக்கு பிரிஸ்பேன் லயன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஃபிட்ஸ்ராயின் சிங்கமும் போனது, பிரெஞ்சு மெட்டும் போனது, எட்டு வீரர்களும் போனார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் கிரிஸ் ஜான்சன். பிரிஸ்பேன் லயன்ஸ் 2001, 2002, 2003 என்று மூன்று வருஷம் தொடர்ந்து சாம்பியன் ஆனபோது மூன்று இறுதி ஆட்டங்களிலும் அவர் இருந்தார். மார்ட்டின் பைக்கின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1996-இல் ஃபிட்ஸ்ராயின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஆனால் பிரிஸ்பேன் போகாமல் நார்த் மெல்போர்னுக்குப் போய், 1999-இல் அங்கே கோப்பையை வாங்கினார். பிறகு பிரிஸ்பேனுக்கு வந்து அந்த மூன்று கோப்பைகளிலும் பங்கு பெற்றார். 22-இல் 21 தோற்ற அணியின் ஆட்டக்காரர், நான்கு முறை சாம்பியன்!

சந்தோஷமான முடிவா? பாதிதான். ஃபிட்ஸ்ராய் ரசிகர்களில் சிலர் பிரிஸ்பேனைத் தங்கள் அணியாக ஏற்றுக்கொண்டு, அந்த அணி மெல்போர்னுக்கு ஆட வரும்போதெல்லாம் பழைய சிவப்பு, நீலம், தங்க நிற ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சிலர் வேறு அணிக்கு மாறினார்கள். சிலர் ஃபூட்டி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். யார் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் அப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படித்தான் அங்கே ஒரே வீட்டுக்குள் பிரிந்தார்கள்.

சண்டையும் வந்தது. 2010 சீசனுக்காக பிரிஸ்பேன் தன் பனியனில் பழைய சிங்கத்தை எடுத்துவிட்டு, முன்பக்கம் பார்த்துக் கர்ஜிக்கும் புதுச் சிங்கம் ஒன்றை வைத்தது. ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 'பேடில் பாப்' என்று அங்கே ஒரு குச்சி ஐஸ் உண்டு. அதன் உறையில் உள்ள கார்ட்டூன் சிங்கம் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். ஃபிட்ஸ்ராய் கிளப், எங்கள் சிங்கத்தை எப்படி மாற்றலாம் என்று வழக்கே போட்டது! பிறகு சமாதானம் ஆனார்கள். சில வருஷங்களில் பழைய சிங்கம் பனியனுக்குத் திரும்பி வந்துவிட்டது. 2024-லும் 2025-லும் பிரிஸ்பேன் மறுபடி சாம்பியன் ஆனபோது வீரர்களின் நெஞ்சில் இருந்தது அந்தப் பழைய சிங்கம்தான்.

இருங்கள், 'ஃபிட்ஸ்ராய் கிளப் வழக்குப் போட்டது' என்றேனே. மறைந்துபோன கிளப் எப்படி வழக்குப் போடும்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கால்பந்து அணி போய்விட்டது. ஆனால் கிளப்பை மூட ரசிகர்கள் விடவில்லை. கடன் பிரச்சினை தீர்ந்த பிறகும் காகிதத்தில் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 2009-இல் உள்ளூர் அணி ஒன்றோடு சேர்ந்து மறுபடி பனியன் போட்டு மைதானத்தில் இறங்கினார்கள். டி.வி.யில் வரும் பெரிய லீக் இல்லை. சம்பளம் இல்லாமல் ஆடும் அமெச்சூர் லீக். பிறகு பெண்கள் அணியும் வந்தது.

எங்கே ஆடுகிறார்கள் தெரியுமா? பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில். 1966-இல் விட்டுவிட்டு வந்தார்களே, அதே மைதானம். 1888-இல் கட்டிய பழைய பார்வையாளர் மாடம் இன்னும் அங்கே நிற்கிறது. பக்கத்திலேயே ட்ராம் ஓடுகிறது. சனிக்கிழமை மத்தியானம், குளிர்காலத்தில், கோலுக்குப் பின்னால் ஸ்கார்ஃப் சுற்றிய தாத்தாக்கள் சிலர் நின்றுகொண்டு நடுவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.